லைட் இல்லாத கப்பல்

அந்தக் கதிரையில இருக்காதேங்கோ தம்பி. ஒரு கால் முறிஞ்சது. விக்கிறதுக்கு வைச்சிருக்கிறன், இருக்கிறதுக்கு இல்லை. உந்தச் சாக்கு மூட்டையில இருங்கோ. ஓம், உதிலதான். நசியிற சாமான் இல்லை, பயப்பிடாதேங்கோ. வாறவை எல்லாரும் உதில இருந்துதான் கதை கேட்டவை.

ஓம், நான்தான் தம்பிராசா. வெளியில பலகையில போட்டிருக்குத்தானே, பழைய கப்பல் சாமான், கயிறு, மிதவை, தண்ணி இறைக்கிற பம்ப் எண்டு. ஜெட்டியில ஆரைக் கேட்டாலும் கைகாட்டுவினம். கைகாட்டேக்க என்ன சொன்னவங்கள்? சொல்லுங்கோ, கோவிக்கமாட்டன். அந்த மனிசனிட்ட ஒண்டும் வாங்காதேங்கோ, வித்தவனும் அழுவான் வாங்கினவனும் அழுவான் எண்டோ? சரியாத்தான் சொல்லியிருக்கிறாங்கள்.

கமராவை உள்ள வையுங்கோ. நான் சொல்லேக்க எடுக்கலாம். இப்ப எடுத்தியள் எண்டால் பறிச்சுக் கடலுக்க எறிவன். எறிஞ்சுபோட்டு நானே சுழியோடி எடுத்து உங்களுக்கே அரை விலைக்கு விப்பன். சிரிக்காதேங்கோ. உங்களுக்கு முதல் வந்த ஒருத்தனுக்குச் செய்தனான்.

நீங்கள் ஆறாவது ஆள். எட்டு மாசத்தில ஆறு சானல். எல்லாருக்கும் ஒரே கேள்வி, அண்ணை அந்த லைட் இல்லாத கப்பலைப் பற்றிச் சொல்லுங்கோ. முதல் வந்தவனுக்கு அது வெறும் கப்பல். ரெண்டாவது வந்தவன் கொடியும் இல்லை எண்டான். மூண்டாவது ஆளின்ர வீடியோவில அது கப்பலே இல்லை, நீர்மூழ்கி. கொட்டியாரக்குடாவுக்குக் கீழால வந்து, சீனன்குடா எண்ணெய்த் தாங்கியளுக்கு அடியில ஒரு சுரங்கம் இருக்காம், அதுக்குள்ள பூந்திட்டுதாம். நாலாவது ஆள் சிறுநீரகம் களவெடுக்கிற ஆக்கள் எண்டு போட்டான், பின்னால டொம் டொம் எண்டு ஒரு மியூசிக்கும். அஞ்சாவதா வந்த பிள்ளை படிச்ச பிள்ளை. அவ ஒண்டும் சொல்லேல்லை, கேள்விக்குறி மட்டும் போட்டவ. எல்லாத்துக்குள்ளயும் அதுதான் பெரிய நாசம். பொய் சொல்லுறவனைச் சட்டையில பிடிச்சு உலுப்பலாம். கேள்விக்குறியை எதில பிடிக்கிறது?

நீங்கள் என்ன தலைப்பு வைச்சிருக்கிறியள்? காட்டுங்கோ பாப்பம். நாலு மீனவர், ஒரு மர்மக் கப்பல். ம். படம் அதே படம்தான். ராகுலன் படகில நிண்டு சிரிக்கிறான், ஒறேஞ் கலர் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. அவன்ர மனிசி சிவாஜினி எடுத்தது. அண்டைக்குப் படகுக்கு லைசன்ஸ் பரிசோதனை. அவ மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு ஜெட்டிக்கு வந்தவ. வந்த இடத்தில, நில்லுங்கோப்பா, இந்த உடுப்பில மாப்பிளை மாதிரி இருக்கிறியள் எண்டு போனில எடுத்தவ. அடுத்தநாள் விடியப் படகு போனது. போன கார்த்திகை. ராகுலன், சசிகரன், கட்டைபறிச்சான் ஊர் அண்ணன் தம்பி ரெண்டு பேர். படகுக்கு அன்னலட்சுமி எண்டு பேர், ராகுலன்ர தாயின்ர பேர். மூண்டாம் நாள் காத்து எழும்பினது. அதோட சரி.

படத்தை ஒருக்காப் பெருசாக்குங்கோ. இன்னும். இடது தோள் பக்கம்.

ஒண்டுமில்லை. வையுங்கோ போனை.

நாலு மணிக்கு அவ வீட்டை போறியளோ? வரச்சொல்லிப்போட்டாவோ? சொல்லுவா. அவ ஆரையும் வராதேங்கோ எண்டு சொல்லுறேல்லை. தேத்தண்ணி ஊத்தித் தருவா, பணிஸ் வாங்கி வைப்பா. சுவரில படகின்ர படம், பக்கத்தில உலக வரைபடம், அதில சிவப்புப் பேனையால ஒரு கோடு. அந்தக் கோட்டை மகள் கௌசிகாதான் அடிமட்டம் வைச்சுக் கீறினவள். கணக்கில நல்ல கெட்டிக்காரி. இப்ப கப்பல் எத்தினை நாளில எங்க போயிருக்கும் எண்டுதான் கணக்குப் பாக்கிறாள்.

நான் சொல்லுறன், போகாதேங்கோ.

ஏனெண்டால் ஏனெண்டுதான் சொல்ல வாறன், அவசரப்படாதேங்கோ. கொழும்பில இருந்து ஒருத்தன் வந்து போறான். கோட்டுப் போட்டவன். வெளிநாட்டுச் சிறை ஒண்டில ராகுலனைக் கண்ட ஆள் தன்னட்ட இருக்கெண்டு சொல்லுறான். தாயையும் மகளையும் அங்க கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவானாம். அதுக்கு அன்புவழிபுரத்தில அவ இருக்கிற வீட்டை அவன்ர பேரில எழுதவேணும். வாற வெள்ளிக்கிழமை உறுதி எழுதப் போறா. மகள் பள்ளிக்கூடத்தால நிண்டிட்டாள், சோதினைக்கு மூண்டு மாசம் இருக்கு. உங்கட வீடியோ வந்தால் அங்கத்தைய அதிகாரியளுக்கு ஆதாரமாக் காட்டலாம் எண்டு அவன்தான் சொல்லியிருக்கிறான். உங்களைக் கூப்பிட்டது சிவாஜினி எண்டு நினைச்சுக்கொண்டு வந்திருக்கிறியள். கூப்பிடச் சொன்னவன் அவன்.

இல்லை, நீங்கள் அவன்ர ஆள் எண்டு நான் சொல்லேல்லை. முகத்தில தெரியுது, நீங்கள் ஒரு அப்பாவி. அவன் தூண்டில். நீங்கள் இரை. அவ்வளவுதான்.

அப்ப பேரம் பேசுவம். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்டுதான். நீங்கள் அந்த வீட்டை தனியப் போகக்கூடாது, கப்பலைப் பற்றி ஒரு சொல் போடக்கூடாது. பதிலுக்கு நான் உங்களுக்கு ஒரு கதை தாறன். உங்கட கப்பலை விடப் பெருசு. என்ன கதை எண்டோ? முதலே சொல்ல நான் என்ன விசரனோ. கடைசி விலையை நான் கடைசியாத்தான் சொல்லுறது.

என்ன சொன்னீங்கள்? படிப்பறிவு இல்லாத சனம், அதால நம்புதோ?

எழும்பிப் போடா வெளியில.

இல்லை, இருங்கோ. இருங்கோ தம்பி. எனக்கு இந்த வாய்தான் சத்துரு. இருங்கோ, தேத்தண்ணி சொல்லுறன். ஆனால் இனி அந்தக் கதை என்னட்டக் கதைக்கக்கூடாது. நான் ஆறாம் வகுப்போட நிண்டவன். பன்ரெண்டு வயசில உந்தத் துறைமுகக் கரையில இரும்பு பொறுக்கினவன். ஒரு நங்கூரச் சங்கிலித் துண்டுக்காக ரெண்டு பல்லை விட்டவன், இஞ்ச பாருங்கோ. எனக்கு ஏன் சனம் நம்புதெண்டு ஒரு புரொபசரும் சொல்லித் தரத் தேவையில்லை.

எங்கட பெரியண்ணனைத் தொண்ணூறாம் ஆண்டு பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அம்மா போகாத வாசல் இல்லை. கடைசியா ஒரு கடிதம் வந்தது. கட்டித் தாள், மேல சின்னம், கீழ சீல். அப்பிடி ஒராள் எங்களிட்ட எந்தக் காலத்திலயும் இருந்ததில்லை எண்டு மூண்டு பாஷையிலயும் எழுதியிருந்தது. அதே கிழமை, சந்தையில மரக்கறி வாங்க வந்த ஆமிக் காம்புக் குசினிக்காரன் ஒருத்தன் அம்மாவுக்குப் பக்கத்தில குனிஞ்சு கத்தரிக்காயைப் பாத்தபடி சொன்னவன், உங்கட மகன் சோத்துக்கு உப்புக் கேட்டவன், முந்தநாள் வரை இருந்தவன் எண்டு. அண்ணனுக்கு எந்தச் சாப்பாட்டுக்கும் உப்புப் போதாது. அது வீட்டு ஆக்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்.

விளங்குதோ தம்பி? பொய் சீல் குத்தி வந்தது. உண்மை கத்தரிக்காய்க்குப் பக்கத்தால வந்தது. இந்தக் கரையில ஒவ்வொரு வீட்டிலயும் இப்பிடி ஒண்டு இருக்கு, தமிழ் வீடு, முஸ்லிம் வீடு எல்லாத்திலயும். முப்பது வருஷமா அப்பிடிப் பழகின காதுக்கு, இப்ப மீன்பிடிக் கந்தோரில இருந்து ஒரு ஐயா வந்து, அம்மா உங்கட கணவரின்ர படகு காத்தில தாழ்ந்திட்டுது எண்டு சொன்னால் என்ன கேக்கும்? சீல் சத்தம்தான் கேக்கும். அந்த மனிசன் பாவம், அண்டைக்கு உண்மையைத்தான் சொன்னவர். ரெண்டு நாள் விமானம் தேடினது, ஒரு டீசல் கானைத் தவிர ஒண்டும் இல்லை, அதையும் கொண்டுவந்து காட்டினவர். அவ நம்பேல்லை. நம்பியிருந்தால்தான் அவவுக்கு விசர் எண்டு நான் சொல்லியிருப்பன்.

பொறுங்கோ. டேய் றுவைஸ், என்னடா வாசலில நிண்டு எட்டிப் பாக்கிறாய்? எது? உனக்கு எத்தினை தரம் சொல்லுறது? இல்லை. ஒருநாளைக்கும் இல்லை, அரை நாளைக்கும் இல்லை. நாளைக்குப் பரிசோதனை எண்டால் எனக்கென்னடா, உன்ர படகு, உன்ர உயிர். காக்கா, அண்ணை எண்டு தேன் ஊத்தாத. ரெண்டு மடங்கு தாறியோ? பத்து மடங்கு தா, இல்லை. புதுசா வாங்கு. ஏலாட்டிப் படகைக் கட்டிவைச்சிட்டு வீட்டில இரு. உன்ர உம்மாவிட்ட நான் வந்து சொல்லட்டோ? போ. கயிறு வேணுமெண்டால் எடு, அது தருவன். முறைச்சுக்கொண்டு போறான் பாருங்கோ. நல்ல பொடியன்தான். நாளைக்கு வேற ஆரிட்டயும் எடுப்பான்.

ஒண்டுமில்லை, அது வேற வியாபாரம். விட்டிட்டன் இப்ப.

எங்க விட்டனான்? ஓம், கப்பல். அந்தக் கப்பலைக் கண்டது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? மூண்டு பேர் எண்டு சொல்லியிருப்பாங்கள். நிலாவெளிப் பக்கம் ரெண்டு பேர், மூதூரில ஒருத்தன். எழுதி வைச்சிருக்கிறியள் என்ன, பேரோட. நல்லது. அந்த மூண்டு பேருக்கும் முதல் அந்தக் கப்பலைச் சொன்ன ஆள் நான்.

காணேல்லைத் தம்பி. சொன்னனான் எண்டுதான் சொன்னன்.

காத்து எழும்பி அஞ்சாம் நாள். உந்தா அந்தச் சுவருக்குப் பக்கத்தில. பின்னேரம் ரெண்டு மணி இருக்கும், மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஜெட்டி முழுக்கச் சனம். ஒருத்தரும் சிவாஜினியைப் பாக்கேல்லை, எல்லாரும் கடலைப் பாத்தபடி நிண்டவை. நான் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையோட கடை வாசலில நிண்டன். அவ நேரா என்னட்ட வந்தா. என்னை அவ அண்ணை எண்டுதான் கூப்பிடுறது. ராகுலன் தொழிலுக்கு வந்த காலத்தில இருந்து என்ர வாடிக்கை. அவன்ர கலியாணத்துக்கு நான்தான் ஐஸ்பெட்டி குடுத்தனான், சும்மா குடுத்தனான், விலை பேசாமல். என்ர சீவியத்தில அப்பிடி ஒண்டோ ரெண்டோதான்.

வந்து போனை நீட்டினா. அந்தப் படம். அண்ணை, இவர் இதைப் போட்டிருக்கிறார்தானே எண்டு கேட்டா. நான் கோப்பையைப் பாத்தன். திரும்பவும் கேட்டா, இதைப் போட்டால் ஆள் தாழாதுதானே அண்ணை, நீங்கள் இதெல்லாம் விக்கிற ஆள், உங்களுக்குத் தெரியும்தானே எண்டு. ஓம் தங்கச்சி, தாழாது எண்டன். அப்ப ஏன் அண்ணை காணேல்லை எண்டா. அஞ்சு நாள் மிதந்தால் ஆரும் கண்டிருக்க வேணுமே எண்டா.

என்ன சொல்லியிருப்பியள் நீங்கள்?

நான் சொன்னன், சனிக்கிழமை அந்தப் பக்கத்தால லைட் இல்லாமல் ஒரு பெரிய கப்பல் போனதாம் தங்கச்சி, ஆரோ கதைச்சவங்கள், அதுகள் தூக்கியிருக்கும், தூரத்து நாட்டுக் கப்பலெண்டால் கரைக்கு வரக் கிழமைக்கணக்கு எடுக்கும் எண்டு. வாயில வந்தது. எங்க இருந்து வந்ததெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. விலை பேசேக்க வாற மாதிரி வந்தது. நாலாயிரம் எண்டால் அவன் மூவாயிரம் எண்டுவான், நான் உடன, நேற்று ஒருத்தன் மூவாயிரத்து எண்ணூறுக்குக் கேட்டவன் குடுக்கேல்லை எண்டு சொல்லுவன். அந்த நேற்று வந்தவன் எண்டு ஒருத்தன் ஒருநாளும் இல்லைத் தம்பி. முப்பது வருஷமா என்ர கடைக்கு நேற்று வந்துபோற ஆள் அவன். அந்தக் கப்பலும் அப்பிடி வந்ததுதான்.

அவவின்ர முகத்தைப் பாத்திருக்க வேணும். அஞ்சு நாளுக்குப் பிறகு அண்டைக்குத்தான் அந்த மனிசி நிலத்தில இருந்தது. இருந்து, என்ர கையில இருந்த தேத்தண்ணியை வாங்கிக் குடிச்சவ. நான் நினைச்சன், ஒரு இரவு நித்திரை கொள்ளட்டும், நாளைக்கோ நாளையிண்டைக்கோ ஏதும் ஒண்டு கரை ஒதுங்கும், அப்ப கப்பல் தானாப் போயிடும் எண்டு.

ஒண்டும் ஒதுங்கேல்லை. கப்பல் போகேல்லை.

ஒரு கிழமை இருக்கும், கிண்ணியாவில இருந்து மீன் ஏத்த வாற அபூதாஹிர் இதே இடத்தில இருந்துகொண்டு எனக்குச் சொல்லுறார், தம்பிராசா, உனக்குத் தெரியுமோ, லைட் இல்லாத கப்பலாம், மூண்டு பேர் கண்ணால கண்டவையாம், பின்பக்கத்தில பேரை மறைச்சுத் தார் பூசியிருந்ததாம் எண்டு. தார் நான் பூசேல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது முதல். நான் விட்ட கப்பல், எனக்கே தார் பூசித் திரும்பி வருது. ஆர் அந்த மூண்டு பேர் எண்டு கேட்டன். பேர் சொன்னார். ஒருத்தனைத் தேடிப் போனன். மெய்யா நீ கண்டனியோடா எண்டன். ஓம் அண்ணை எண்டான். கண்ணைப் பாத்துச் சொன்னான். பொய் சொல்லுறவன் எப்பிடி முழிப்பான் எண்டு எனக்குத் தெரியும், நான் அதில சாப்பிடுறவன். அவன் பொய் சொல்லேல்லை. அவன் கண்டிருக்கிறான்.

அண்டைக்கு இரவு முழுக்க எனக்கு ஒரு யோசினை. கேக்க வெக்கமாயிருக்கும். ஒருவேளை உண்மையா ஒரு கப்பல் போயிருக்குமோ? நான் சும்மா சொன்னது சரியா விழுந்திருக்குமோ? விடிய எழும்பி என்ர மனிசியிட்டச் சொல்லுறன், ராகுலன் உயிரோட இருக்கக்கூடும் எண்டு. நான் தம்பி, நான். அந்தக் கப்பலைப் பெத்தவன்.

இப்ப சொல்லுறன் ஏன் நம்புறம் எண்டு. காதுப் பழக்கம் ஒண்டு, அது முதல் சொன்னது. மற்றது இது. பெரிய நாடு ஒண்டு, பெரிய கப்பலைக் கொண்டுவந்து, பெரிய திட்டம் போட்டு எங்கட நாலு பேரைத் தூக்கிக்கொண்டு போட்டுது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அப்ப இந்த ஜெட்டியில ஒருத்தனும் ஒரு பிழையும் விடேல்லை. காத்து அறிவித்தல் கேட்டும் பேசாமல் இருந்தவன், இஞ்சின் ஆணியை நாளைக்கு இறுக்குவம் எண்டவன், எல்லாரும் சுத்தம். எல்லாரும் சேந்து அமெரிக்காவையும் சீனாவையும் இந்தியாவையும் ஏசலாம். ஒருநாளும் ஒருத்தரை ஒருத்தர் முகத்தைப் பாக்கத் தேவையில்லை. அவ்வளவு மலிவா வேற எந்தச் சாமான் கிடைக்கும், சொல்லுங்கோ பாப்பம்?

ஏன் அவவிட்ட உண்மையைச் சொல்லேல்லை எண்டோ? சொன்னனானே. போன செவ்வாய்க்கிழமை. கோட்டுக்காரனுக்கு வீடு எழுதப் போறா எண்டு கேள்விப்பட்ட உடன போனனான். குளிச்சு, வேட்டி கட்டிக்கொண்டு போனனான், சாவீட்டுக்குப் போற மாதிரி. தங்கச்சி, அந்தக் கப்பலை நான்தான் சொன்னனான், அது பொய், என்னை மன்னி எண்டன். கையெடுத்துக் கும்பிட்டனான். இந்தக் கை ஒருத்தரையும் கும்பிட்டதில்லை.

அவ என்ர கையைப் பிடிச்சு இறக்கினா. பேந்து கேட்டா, அண்ணை, உங்களுக்கும் தந்திட்டாங்களோ எண்டு.

என்ன தந்திட்டாங்கள் எண்டன். காசு எண்டா. கோவமாக் கேக்கேல்லை தம்பி. இரக்கப்பட்டுக் கேட்டா. உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு, வெருட்டியிருப்பாங்கள், எனக்கு உங்களில கோவம் இல்லை அண்ணை எண்டா. மகள் கொப்பி எடுத்து எழுதினாள், இண்டைக்குத் தேதி போட்டு, தம்பிராசா மாமா வந்து மறுத்தார் எண்டு. என்ர மறுப்பும் அவையளுக்கு ஒரு ஆதாரம். விளங்குதோ? நான் பொய் சொல்லேக்க ஒரு சாட்சியும் கேளாமல் நம்பின மனிசி, உண்மைக்கு என்னட்ட ஆதாரம் கேட்டவ.

கேட்டவதானே. போனை எடுத்து அதே படத்தை நீட்டினா. அப்ப இதுக்கு என்ன சொல்லுறியள் அண்ணை எண்டா. இவர் இதைப் போட்டிருக்கிறார். இது தாழாது எண்டு சொன்னதும் நீங்கள்தான். நாலு பேருக்கும் நாலு இருந்தது, நான் என்ர கண்ணால எண்ணினனான், அப்ப நாலும் எங்க? ஒரு ஜாக்கெட்டாவது கரைக்கு வரவேணுமே, பிளாஸ்டிக் சாமான், அது எங்க போகும் எண்டா.

அவ பிழையா ஒண்டும் யோசிக்கேல்லை. உங்கட சுரங்கக்காரன், சிறுநீரகக்காரன் மாதிரி இல்லை அவ. அவவின்ர கணக்குச் சரியான கணக்கு. முதல் வரி மட்டும்தான் பிழை.

எனக்கு அதுக்கு மறுமொழி இருந்தது. சொல்லாமல் எழும்பி வந்திட்டன்.

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

றுவைஸ் என்ன கேட்டு வந்தவன் தெரியுமோ? சொல்லுறன். லைசன்ஸ் புதுப்பிக்கிற நாள் படகில ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கவேணும். ஐயாக்கள் வந்து எண்ணுவினம். ஒவ்வொண்டும் என்ன விலை எண்டு உங்களுக்குத் தெரியாது, இப்பத்தைய விலையில நாலு எண்டால் ஒரு பயணத்து டீசல். அப்ப என்ன செய்யிறது? தம்பிராசாவிட்ட வருவாங்கள். நான் வாடகைக்குக் குடுக்கிறனான். காலமை எடுத்துப் படகில தொங்கவிட வேணும், ஐயாக்கள் போனாப் பிறகு பின்னேரம் திருப்பித் தரவேணும். அடுத்தநாள் வேற படகு. ஒரே நாலு ஜாக்கெட்டை ஒரு கிழமையில ஏழு படகுக்குக் குடுத்திருக்கிறன். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்யிறது, ஒருத்தருக்கும் நட்டமில்லை. என்ர மூளையில வந்த வியாபாரம். நான் அதில பெருமைப்பட்டுத் திரிஞ்சனான்.

ராகுலன் அண்டைக்குப் பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்தவன். கொண்டுவந்து உந்த வாசலில நிண்டுகொண்டு, அண்ணை, வானம் அவ்வளவு சரியில்லை, இந்தப் பயணத்துக்கு மட்டும் இது என்னட்ட இருக்கட்டுமே எண்டு கேட்டவன். நான் சொன்னன், நாளைக்கு வேற படகுக்குப் பேசிப்போட்டன், வேணுமெண்டால் பத்து நாள் வாடகை வை எண்டு. அஞ்சு நாளுக்குத் தாறன் எண்டான். எட்டு எண்டன். ஆறு எண்டான். எட்டில இறங்கமாட்டன் எண்டன். சிரிச்சான். சரி விடுங்கோ அண்ணை, நீங்கள் கல்லில நார் உரிப்பியள், நான் நீந்தி வாறன் எண்டு சொல்லிப்போட்டு, நாலையும் உதில போட்டிட்டுப் போனான்.

ஆறில குடுத்திருக்கலாம். ஏழில குடுத்திருப்பன், அவன் இன்னும் கொஞ்சம் நிண்டிருந்தால். நான் அவன் திரும்பி வருவான் எண்டு நினைச்சு நிண்டனான். வாடிக்கைக்காரர் வாசல் வரை போயிட்டுத் திரும்புவினம், அதுதான் வழமை. அவன் திரும்பேல்லை.

அடுத்தநாள் வேற படகும் எடுக்க வரேல்லை. நேற்று வந்தவன் மாதிரித்தான் அந்தப் படகும். அப்பிடி ஒண்டு இல்லை.

எழும்புங்கோ தம்பி. இல்லை, போறதுக்கில்லை. நீங்கள் இருக்கிற மூட்டையை அவிழுங்கோ. முடிச்சு இறுக்கம், இந்தாங்கோ கத்தி, வெட்டுங்கோ. எட்டு மாசமா அவிழ்க்கேல்லை. கப்பல் கதை கேக்க வந்த அஞ்சு பேரும் உதுக்கு மேல இருந்துதான் கேட்டவை.

நாலு. எண்ணினியளோ? அந்த மேல கிடக்கிறதை எடுங்கோ. இடது தோள் வாரைப் பாருங்கோ. பச்சை நூல், வலை பொத்துற நூல். அந்த வார் அறுந்து நான்தான் தைச்சனான், தையல் கோணல். இப்ப உங்கட போனில இருக்கிற படத்தை எடுங்கோ, பெருசாக்குங்கோ. ராகுலன்ர இடது தோள்.

ஓம்.

கமராவை எடுங்கோ. இப்ப எடுக்கலாம். முகத்தை மறைக்கத் தேவையில்லை, பேரையும் போடுங்கோ, கடைப் பலகையையும் காட்டுங்கோ. இல்லை, இஞ்ச வேண்டாம், அங்க போய் எடுப்பம், அவவுக்கு முன்னால. நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நீங்கள் மூட்டையின்ர அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ, நான் இந்தப் பக்கம்.

ரெண்டு பேரும் தேவையில்லைத்தான். பாரமே இல்லைத் தம்பி. மிதக்கிற சாமான்தானே.